ஸ்ட்ரைடிங் எட்ஜில் கடைசி ஏற்றம்

ஏப்ரல் முதல் வாரம். கிளென்ரிடிங் ஊரில் காரை நிறுத்தி இறங்கியபோது சட்டைக்கு மேல் ஒரு ஸ்வெட்டர் போதும் போலிருந்தது. ஓடைக்கரை முழுக்க மஞ்சள் டாஃபடில் பூத்துக் கிடந்தது. கல்வேலிக்கு அந்தப் பக்கம், பிறந்து சில நாளே ஆன ஆட்டுக்குட்டிகள் தாய்மடியை முட்டிக்கொண்டிருந்தன. அல்ஸ்வாட்டர் ஏரியில் அலை இல்லை. என்னோடு வந்தவர் அலுவலகத்தில் எனக்கு மூத்தவர், மதுரைக்காரர். அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். ஜாக்கெட்டைக் கழற்றிப் பைக்குள் திணித்தபடி, "தம்பி, குளிரெல்லாம் போயிருச்சுய்யா, இன்னைக்கு வேர்க்கத்தான் போகுது" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது.

நாங்கள் ஏறப் போனது ஹெல்வெலின் மலை. இங்கிலாந்தின் வடமேற்கில், லேக் டிஸ்ட்ரிக்டில் இருக்கிறது. உயரம் 950 மீட்டர். இங்கிலாந்தின் மூன்றாவது உயரமான சிகரம். நம் ஊர் மலைகளைப் பார்த்தவர்களுக்கு அந்த எண் சின்னதாகத் தெரியும். நான் போடிநாயக்கனூரில் வளர்ந்தவன். அண்ணாந்து பார்த்தால் 2,000 மீட்டரைத் தொடும் மலைகள் தெரியும் ஊர் அது. ஆனால் ஹெல்வெலினின் கிழக்குப் பக்கத்தில் ஸ்ட்ரைடிங் எட்ஜ் என்றொரு பாறை முகடு உண்டு. பனியுகத்தில் இரண்டு பனியாறுகள் இரு புறமும் மலையைக் குடைந்து குடைந்து, நடுவில் மிச்சம் வைத்த வரப்பு அது. வலப்புறம் ரெட் டார்ன் என்ற சின்ன ஏரி, இடப்புறம் நெதர்மோஸ்ட் கோவ் என்ற பள்ளம். இரண்டு வயலுக்கு நடுவே வரப்பில் நடப்பது போலத்தான் நடக்க வேண்டும். வரப்பு பாறை, வயல் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஆழம்.

இந்த முகட்டுக்கு இதுவரை நான்கு முறை போயிருக்கிறேன். ஆகஸ்டில் ஒரு முறை, ஏப்ரலில் ஒரு முறை, பிப்ரவரியில் ஒரு முறை, மார்ச்சில் ஒரு முறை. அதிகமாக எழுத வேண்டியது ஏப்ரலைப் பற்றித்தான். மான்செஸ்டர், லீட்ஸ் பக்கத்திலிருந்து வார இறுதியில் இங்கே போகும் நம்மவர்கள் ஒவ்வொரு வருடமும் கூடி வருகிறார்கள். அதில் பலர் நான் செய்த அதே கணக்கைத்தான் போடுகிறார்கள்.

ஆகஸ்ட் பயணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். காய்ந்த பாறை, நீண்ட பகல், முன்னும் பின்னும் ஆட்கள். முகட்டின் உச்சிக்குச் சற்றுக் கீழே, ரெட் டார்ன் பக்கமாக ஒரு ஒற்றையடிப் பாதை ஓடுகிறது. பயந்தால் அதில் இறங்கிக்கொள்ளலாம். கையை ஊன்றி ஏறும் இடங்கள் கொஞ்சம். முகடு முடியும் இடத்தில் 'சிம்னி' என்று சொல்லும் ஒடுக்கமான பாறைச் சந்தில் மலையைப் பார்த்தபடி திரும்பி, கால் வைக்கும் இடத்தைத் தடவித் தடவி இறங்க வேண்டும். அதன் பிறகு சிகரத்துக்கு ஒரு செங்குத்தான ஏற்றம். கல்லும் மண்ணும் கலந்தது. மழை பெய்தால் கதை மாறும். பல தலைமுறைக் கால்கள் தேய்த்த பாறை, நனைந்தால் எண்ணெய் தடவியது போலாகிவிடும். நாங்கள் போன அன்று மழை இல்லை. அந்தக் கடைசி ஏற்றம் என் நினைவில் நிற்கவே இல்லை. மூச்சு வாங்கியது, மேலே போனோம், அவ்வளவுதான்.

அந்த நினைவை நம்பித்தான் ஏப்ரலில் போனேன்.

மயர்ஸ் பெக் ஓடையை ஒட்டி ஏறி, பர்க்ஹவுஸ் மூர் தோளைக் கடந்து, 'ஹோல் இன் தி வால்' என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தோம். நீண்ட கல்மதில் ஒன்றில் உள்ள திறப்பு அது. அங்கிருந்துதான் முகடு தொடங்குகிறது. அங்கே நின்றால் எதிரே சிகரத்தின் கிழக்கு முகம் முழுவதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அன்று சிகரத்தில் மேகம் உட்கார்ந்திருந்தது. மேகத்துக்குக் கீழே ஒரு வெள்ளைப் பட்டை தெரிந்தது. பார்த்தேன். பார்த்ததாக நன்றாக நினைவிருக்கிறது. "கொஞ்சம் பனி மிச்சம் இருக்கு போல அண்ணே" என்றேன். "அதான் உன்கிட்ட ஸ்பைக்ஸ் இருக்கே" என்றார். மான்செஸ்டர் நடைபாதை உறைந்து கிடக்கும் நாட்களுக்காக வாங்கிய மைக்ரோஸ்பைக்ஸ் இரண்டு ஜோடி பையில் இருந்தது. ஷூவுக்கு மேல் ரப்பர் பட்டையால் மாட்டும், சங்கிலியில் கோத்த சின்னச் சின்ன முட்கள். அதோடு ஆளுக்கு இரண்டு நடைக்கம்பு.

முகடு எங்களை ஏமாற்றியது என்று சொல்ல மாட்டேன்; அது எதையும் மறைக்கவில்லை. பாறை காய்ந்திருந்தது. வடப்பக்க நிழலில் மட்டும் திட்டுத் திட்டாகப் பனி. முகட்டின் தொடக்கத்தில் இடப்புறம் ஓர் இரும்பு நினைவுச் சின்னம் நிற்கிறது. 1858இல் நரி வேட்டைநாய்களைப் பின்தொடர்ந்து வந்து இங்கே விழுந்து இறந்த ராபர்ட் டிக்சனின் நினைவுக்கு. அதையும் தாண்டிப் போனோம். காற்று கிழக்கிலிருந்து வந்தது, காதை அறுத்தது. ஜாக்கெட், கையுறை, குல்லா எல்லாம் வெளியே வந்துவிட்டன. கீழே 11 டிகிரி என்று கார் காட்டியது. ஏறக்குறைய 150 மீட்டருக்கு ஒரு டிகிரி குறையும் என்று வைத்தாலே 800 மீட்டர் மேலே அது ஐந்தோ ஆறோதான். காற்றையும் சேர்த்தால் உடம்புக்கு அது உறைநிலை. இந்தக் கணக்கைக் காரில் இருந்தபோதே போட்டிருக்க வேண்டும்.

சிம்னியில் இறங்கி முடித்து நிமிர்ந்தபோதுதான் எதிரே இருந்தது என்ன என்று முழுதாகப் பார்த்தேன். ஆகஸ்டில் கல்லும் மண்ணுமாக இருந்த அந்தக் கடைசி ஏற்றத்தில் பெரும்பகுதி ஒரே வெள்ளைச் சரிவாக இருந்தது. அதில் மனிதர்கள் ஏறிய தடம் படிக்கட்டு போலத் தெரிந்தது. அதுதான் தைரியம் கொடுத்தது. இவ்வளவு பேர் ஏறியிருக்கிறார்களே என்று.

கிட்டே போய் அந்தத் தடத்தில் கால் வைத்தபோது அது படிக்கட்டு இல்லை. முந்தைய நாள் மதியம் பனி இளகியிருந்தபோது யார் யாரோ அழுத்தி மிதித்த குழிகள். இரவு வானம் தெளிந்து உறைந்ததில் ஒவ்வொன்றும் இட்லித் தட்டுக் குழி போல வழவழவென்று உருண்டு, உள்ளே கண்ணாடி பூசியிருந்தது. விளிம்பு வெளிப்பக்கம் சாய்ந்திருந்தது. கம்பை ஊன்றினேன், நுனி ஓர் அங்குலம்கூட இறங்கவில்லை, 'டிக்' என்று தெறித்தது. அந்தச் சத்தம் கேட்ட இடத்திலேயே திரும்பியிருக்க வேண்டும். சிகரம் கையெட்டும் தூரத்தில் இருந்தது. ஏறினோம்.

சரிவில் பாதி தூரம் போயிருப்போம். வலது காலை மேலே எடுத்து வைத்து எடையைப் போட்டேன். ஸ்பைக்ஸின் ரப்பர் பட்டை ஷூவைச் சுற்றிப் பக்கவாட்டில் திரும்பிவிட்டது. முட்கள் பாதத்தின் அடியில் இல்லை, ஓரத்தில் இருந்தன. குனிந்து பார்க்கும் முன் இரண்டு காலும் போய்விட்டன. வயிற்றில் விழுந்தேன். கையுறை பனியில் சர்ரென்று தேய்கிற சத்தம் மட்டும் கேட்டது. பிடிக்க எதுவும் இல்லை. வேகம் எடுத்துக்கொண்டே போனது. ஐந்தாறு மீட்டர் போனதும், பனிக்கு வெளியே முட்டிக்கொண்டிருந்த ஒரு பாறையில் இடது தொடையும் மணிக்கட்டும் மோதி நின்றேன். அந்தப் பாறைக்கு வலப்புறம் நழுவியிருந்தால் கீழே ரெட் டார்ன் வரை தடுப்பதற்கு ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை.

அண்ணன் மேலே அப்படியே நின்றுவிட்டார். ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. "அசையாத தம்பி, அசையாத" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் குரல் நடுங்கியது.

மேலிருந்து இரண்டு பேர் இறங்கி வந்தார்கள், ஓர் அம்மாவும் அவர் கணவரும். அறுபது வயது இருக்கும். இருவர் கையிலும் ஐஸ் ஆக்ஸ் என்ற பனிக்கோடாரி, காலில் பூட்ஸுக்கு அடியில் கட்டும் கிராம்பான் என்ற இரும்பு முட்கள். அந்த அம்மா முதலில் அண்ணனுக்குக் கீழே போய் நின்றுகொண்டார், அவர் வழுக்கினால் தடுக்க. கணவர் என்னிடம் வந்து கோடாரியின் அகலமான பக்கத்தால் பனியை வெட்டி, உள்பக்கம் சாய்வாக ஒவ்வொரு படியாகச் செதுக்கினார். ஒரு படிக்கு நாலைந்து கொத்து. "கோடாரி எங்கே?" என்று கேட்டார். கம்பைக் காட்டினேன். திட்டவில்லை. இந்தச் சரிவு மட்டும் இன்னும் பிப்ரவரியில்தான் இருக்கிறது என்றார், அவ்வளவுதான். பத்து நிமிடத்தில் நாங்கள் ஏறிய தூரத்தை இறங்க ஏறக்குறைய முக்கால் மணி நேரம் ஆனது. பிறகு சிம்னியில் ஏறி, முழு முகட்டையும் திரும்பக் கடந்து, வந்த வழியே போனோம். மணிக்கட்டு வீங்கிவிட்டது. பாறையில் பிடித்துத் தொங்க வேண்டிய இடங்களில் ஒற்றைக் கை. அவர்கள் இருவரும் ஹோல் இன் தி வால் வரை எங்களோடு வந்தார்கள். அவர்கள் போக வேண்டிய வழி அதுவாக இல்லாமல்கூட இருந்திருக்கலாம். பெயர் கேட்கவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

வீட்டுக்கு வந்து மணிக்கட்டுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தபோது மனதைக் குடைந்தது ஒரே கேள்விதான். முகடு காய்ந்திருந்தது, பள்ளத்தாக்கில் வசந்தம், பிறகு அந்த ஓர் இடத்தில் மட்டும் ஏன் குளிர்காலம்? அதைப் புரிந்துகொள்ள எனக்குச் சில மாதம் பிடித்தது. இங்கே காற்று பெரும்பாலும் மேற்கு, தென்மேற்கிலிருந்து வீசும். ஹெல்வெலினின் மேற்குப் பக்கம் புல் மூடிய மெதுவான சாய்வு, உச்சி அகலமான மேட்டுநிலம். அதில் விழும் பனியைக் காற்று பெருக்கித் தள்ளிக்கொண்டு வந்து கிழக்கு விளிம்பைத் தாண்டிக் கொட்டுகிறது. களத்தில் தூற்றும்போது பதர் ஒரு பக்கமாகக் குவிவது போல. உச்சியில் புல் தெரியும். அதே நாளில் விளிம்புக்குக் கீழே ஆள் புதையும் ஆழத்துக்குப் பனி இருக்கும். அந்தப் பக்கம் வடகிழக்கைப் பார்த்திருப்பதால் வெயிலும் காலையில் கொஞ்ச நேரம்தான். பகலில் மேற்பரப்பு இளகி, இரவில் உறைந்து, மறுபடி இளகி, மறுபடி உறைந்து, வாரக் கணக்கில் இறுகி இறுகிக் கல்லாகிறது. ஸ்ட்ரைடிங் எட்ஜ் முடிந்து ஏறும் அந்தச் சரிவும், பக்கத்திலுள்ள ஸ்விரல் எட்ஜ் என்ற இன்னொரு முகட்டின் தலைப்பகுதியும் இதனால்தான் மற்ற இடமெல்லாம் கரைந்த பிறகும் வெள்ளையாக இருக்கின்றன. ஏப்ரலிலும் இருக்கலாம்.

முகடு என்றாலே நம் பயமெல்லாம் அந்தக் கூரான உச்சியின் மேல்தான் இருக்கும். அங்கே எல்லோரும் கவனமாக நடக்கிறோம், கை போட்டுப் பிடிக்கிறோம். முகட்டைக் கடந்ததும் 'முடிந்தது' என்று மனது தளரும் இடத்தில்தான் அந்தப் பனி காத்திருக்கிறது. அதோடு, அங்கே வந்து முடியவில்லை என்றால் திரும்புவதற்கு மறுபடி முழு முகட்டையும் கடக்க வேண்டும். அதனால் இந்தப் பயணத்தின் முடிவை எடுக்க வேண்டிய இடம் சிம்னியின் அடிவாரம் இல்லை, ஹோல் இன் தி வால். அங்கிருந்து கடைசிச் சரிவு தெரிகிறது. இப்போது ஒரு சின்ன பைனாகுலர் எடுத்துப் போகிறேன். வெள்ளைப் பட்டை இருக்கிறதா, அதில் ஏறுபவர்கள் எப்படி நகர்கிறார்கள், கையில் என்ன வைத்திருக்கிறார்கள் என்று பார்க்கிறேன். மேகம் மூடி ஒன்றும் தெரியவில்லை என்றால், பனி இருக்கிறது என்றே வைத்துக்கொள்கிறேன்.

கிளம்பும் முன் பார்க்க வேண்டியவை இருக்கின்றன. நான் ஊர் வானிலையை மட்டும் போனில் பார்த்துவிட்டுப் போனேன். லேக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காவின் 'வெதர்லைன்' சேவைக்காக, குளிர்காலம் முழுவதும் தினமும் ஒருவர் ஹெல்வெலின் உச்சிக்கு நடந்தே ஏறி, பனி எங்கே எப்படி இருக்கிறது, காற்றின் வேகம் எவ்வளவு, தரை உறைந்திருக்கிறதா என்று படத்தோடு எழுதுகிறார். 'ஃபெல் டாப் அசெஸர்' என்பது அவர்கள் பெயர். ஒரு மலைக்கு இப்படி நாள் தவறாமல் ஏறி எழுதும் ஆட்கள் இருக்கிறார்கள் என்பதே எனக்கு அப்போது தெரியாது. வசந்தத்தில் அந்தத் தினசரி அறிக்கை நின்றுவிடும். பனி அதற்குப் பிறகும் கிடக்கலாம், அந்த இடைவெளியில்தான் அதிகக் கவனம் வேண்டும். மலைகளுக்கென்றே வரும் 'எம்விஸ்' வானிலை அறிக்கையில் உறைநிலை எந்த உயரத்தில் என்று போட்டிருக்கும். முந்தைய இரவு அது 900 மீட்டருக்குக் கீழே இறங்கி, வானமும் தெளிந்திருந்தால், காலையில் அந்தச் சரிவு கண்ணாடி. ஸ்காட்லாந்து மலைகளுக்குத் தனியே பனிச்சரிவு எச்சரிக்கை வெளியிடும் அமைப்பு இருக்கிறது. லேக் டிஸ்ட்ரிக்டுக்கு அது கிடையாது. அதனால் ஏறிப் பார்த்தவர் எழுதிய வரிகளை நான் இரண்டு முறை படிக்கிறேன்.

மைக்ரோஸ்பைக்ஸ் கெட்ட பொருள் இல்லை. உறைந்த சாலையிலும் சமதளப் பாதையிலும் நன்றாக உதவும். செங்குத்தான இறுகிய பனிக்கு அது செய்யப்படவில்லை, அவ்வளவுதான். அதற்குக் கிராம்பான் வேண்டும். கிராம்பான் மாட்ட வளையாத அடிப்பாகம் உள்ள பூட்ஸ் வேண்டும். கடையில் பூட்ஸை பி1, பி2, பி3 என்றும், கிராம்பானை சி1, சி2, சி3 என்றும் பிரித்து வைத்திருப்பார்கள். நடைப்பயணத்துக்கு பி1 பூட்ஸில் சி1 போதும், ஆனால் இரண்டும் பொருந்துகிறதா என்று கடையிலேயே மாட்டிப் பார்த்து, ஷூவைத் தூக்கி உதறிப் பார்க்க வேண்டும். இதையெல்லாம் வாங்கிப் பையில் வைத்திருப்பதால் ஒன்றும் ஆகாது. அடுத்த குளிர்காலத்தில் நானும் அண்ணனும் ஒரு பயிற்சியாளரிடம் ஒரு நாள் வகுப்புக்குப் போனோம். மலைக்குச் செலவு செய்ததிலேயே உருப்படியான செலவு அதுதான்.

அன்று கற்றதில் பாதி, விழுவது எப்படி என்பது. கீழே அபாயம் இல்லாத ஒரு சின்னச் சரிவில் எங்களை வேண்டுமென்றே வழுக்கவிட்டார். கோடாரியின் தலையைத் தோளுக்குக் கீழே நெஞ்சோடு அணைத்து, கூர்முனை பனியைப் பார்த்திருக்க, அடித்தண்டை மறு கையால் இடுப்பருகே பிடித்து, உடம்பு எடை முழுவதையும் அதன் மேல் போட வேண்டும். காலில் கிராம்பான் இருந்தால் பாதங்களை மேலே தூக்கிக்கொள்ள வேண்டும். முள் பனியில் மாட்டினால் கணுக்கால் முறியும், அல்லது உடம்பு குட்டிக்கரணம் போடும். மல்லாந்து தலைகீழாகப் போகும்போது எப்படித் திரும்புவது என்று பத்துப் பதினைந்து முறை செய்ய வைத்தார். நனைந்து போனோம். ஆனால் அவர் அழுத்திச் சொன்னது வேறு. உறைந்த பனியில் வேகம் வந்துவிட்டால் இந்த வித்தை எதுவும் உதவாது, முதல் நொடியில் நிறுத்தினால்தான் உண்டு. அதனால் வழுக்காமல் நடப்பதைத்தான் பழக வேண்டும் என்றார். பாதத்தைத் தட்டையாக வைத்து எல்லா முட்களும் பனியில் பதிய, கால்களைச் சற்று அகட்டி, ஒரு முள் மறுகால் பேன்ட்டில் மாட்டாமல், கோடாரியை எப்போதும் மேட்டுப் பக்கக் கையில் பிடித்து. நாற்று நடும் பெண்கள் சேற்றில் கால் மாற்றி வைக்கும் நிதானம் அதற்கு வேண்டும்.

எங்கள் ஊர்ப் பக்கமும் மலைக்குப் பருவம் உண்டு என்பது எனக்குத் தெரியாததில்லை. மாசி, பங்குனியில் போடி மலையில் புல் காய்ந்து சருகாகிவிடும். அந்த நாட்களில் மேலே போக வேண்டாம் என்று வீட்டில் தடுப்பார்கள். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போன இளம்பிள்ளைகள் சிக்கி உயிரிழந்தபோது ஊரே உறைந்து போனது. அங்கே அதே மாதத்துக்கு நெருப்பு, இங்கே பனி. ஊர்மலையின் பருவத்தை எனக்குப் பெரியவர்கள் சொல்லிக் கொடுத்தார்கள். இந்த மலையின் பருவத்தை நானாகக் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.

பிப்ரவரிப் பயணம் பயிற்சிக்கு அடுத்த மாதம். மூன்று நாளாக உறைபனி, காற்று குறைவு, புதுப்பனி இல்லை. அசெஸர் அறிக்கை, பனி கெட்டியாக இருக்கிறது, கிராம்பானும் கோடாரியும் கட்டாயம் என்றது. ஹோல் இன் தி வால் அருகே சமதளத்திலேயே உட்கார்ந்து கிராம்பான் மாட்டிக்கொண்டோம். தேவைப்படும்போது மாட்டலாம் என்று தள்ளிப்போட்டால், தேவைப்படும் இடத்தில் உட்கார இடமிருக்காது. குளிரில் விரல் மரத்துப்போன பிறகு அந்தப் பட்டைகளை இறுக்கிப் பாருங்கள், தெரியும்.

அன்று முகட்டில் ஒரு விஷயம் எனக்குப் புதிதாக இருந்தது. ஆகஸ்டில் பயந்தவர்களுக்கு அடைக்கலமாக இருந்த அந்தக் கீழ்ப்பாதை, குளிர்காலத்தில் மோசமான இடம். அது வடப்பக்கத்தில் இருப்பதால் பனி நிரம்பிப் பாதையே மறைந்து, ஏரியை நோக்கிச் சாயும் ஒரே சரிவாகிவிடுகிறது. உச்சியில், பாறையைப் பிடித்துக்கொண்டு போவதுதான் அங்கே நிம்மதி. கோடையில் பார்த்த எளிய வழி குளிர்காலத்திலும் எளிய வழி என்று யாரும் எடுத்துக்கொள்ளாதீர்கள். பாறையில் கிராம்பான் கிறீச்சிடும். முள்ளின் நுனி நிற்கும் அளவு இடத்தில் நம்பிக்கை வைத்து நிற்கப் பழக வேண்டும். சிம்னியில் இறங்குவதுதான் அன்றைய நாளின் கடினமான பத்து நிமிடம். கால் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. அண்ணன் கீழே நின்று "இன்னும் ஒரு சாண் இடது, அங்கதான், வை" என்று சொல்லச் சொல்ல இறங்கினேன்.

அதன் பிறகு அந்தச் சரிவு. ஏப்ரலில் நான் மோதிய பாறை எங்கே என்று தேடினேன். பனிக்குள் முழுதாகப் புதைந்திருந்தது. கோடாரியின் தண்டு பாதி இறங்கிக் கெட்டியாக நின்றது. முன்முட்கள் ஒவ்வொரு அடிக்கும் 'கிரக், கிரக்' என்று கடித்தன. அதே கோணம், அதே மலை. காலில் என்ன இருக்கிறது, கைக்கு என்ன தெரியும் என்பது மட்டும் வேறு. மேலே ஏறியதும் சார்லஸ் காஃபின் நினைவுக்கல். 1805இல் இந்த முகட்டருகே இறந்துபோனவர். மூன்று மாதம் கழித்து உடலைக் கண்டெடுத்தபோது அவருடைய நாய் பக்கத்திலேயே இருந்தது. அண்ணன் கையுறையைக் கழற்றிக் கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். உச்சியில் சிலுவை வடிவக் கல்மறைவின் சுவரெங்கும் காற்று வந்த திசையை நோக்கி இறகு இறகாக உறைபனி வளர்ந்திருந்தது.

உச்சியில் நிற்கும்போது கிழக்கு விளிம்புக்குப் போகக் கூடாது. காற்று கொட்டிய பனி அங்கே வீட்டுத் தாழ்வாரம் போல வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்; 'கார்னிஸ்' என்பார்கள். மேலிருந்து பார்த்தால் பாறை எங்கே முடிகிறது, வெறும் பனி எங்கே தொடங்குகிறது என்று தெரியவே தெரியாது. உடையும்போது நாம் நினைப்பதைவிட உள்ளே தள்ளி உடையும். படம் எடுப்பதற்காக அந்த ஓரத்தை நோக்கிப் போன ஓர் இளைஞர் கூட்டத்தை அன்று கத்திக் கூப்பிட்டோம், திரும்பி வந்துவிட்டார்கள். மேகம் இறங்கினால் நிலமும் வானமும் ஒரே வெள்ளையாகிவிடும், அப்போது விளிம்பு எந்தப் பக்கம் என்பதைத் திசைகாட்டிதான் சொல்லும். போன் குளிரில் திடீரென்று அணைந்துபோகும். காகித வரைபடமும் திசைகாட்டியும் என் பையில் எப்போதும் உண்டு, தலைவிளக்கும் விசிலும் கூட. ஆபத்து என்றால் நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊத வேண்டும். போனில் 999 அழைத்து முதலில் போலீஸ், பிறகு மவுன்டன் ரெஸ்க்யூ என்று கேட்க வேண்டும். அந்த எண்ணுக்குக் குறுஞ்செய்தியும் அனுப்பலாம், ஆனால் முன்கூட்டியே பதிவு செய்த போனிலிருந்துதான். இன்றே செய்து வைத்துவிடுங்கள். பேட்டர்டேல் மீட்புக் குழுவில் வருபவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடி வருபவர்கள். அவர்களைக் கூப்பிடத் தயங்கவும் கூடாது, அசட்டையாகப் போய்க் கூப்பிடும் நிலைக்கும் ஆளாகக் கூடாது.

இறங்க எல்லோரும் ஸ்விரல் எட்ஜ் வழியாகப் போவது வழக்கம். அதன் தலைப்பகுதியும் அதே இறுகிய சரிவுதான், அதுவும் களைத்த காலோடு, கீழ்நோக்கி. நாங்கள் வடக்கே வைட் சைட் என்ற சிகரம் வரை மேட்டுநிலத்தில் நடந்து, கெப்பல் கோவ் என்ற பள்ளத்துக்கு வளைந்து வளைந்து இறங்கும் பழைய குதிரைப் பாதையைப் பிடித்தோம். நேரம் கூடுதல். 1962இல் மூடிய கிரீன்சைட் ஈயச் சுரங்கத்தின் கட்டடங்களைத் தாண்டும்போது இருட்டிவிட்டது. விளக்கு இருந்தது, பாதை இருந்தது, பேசிக்கொண்டே வந்தோம்.

நான்காவது பயணம் போன மார்ச்சில். இப்போது எங்களிடம் கோடாரியும் கிராம்பானும் பழக்கமும் எல்லாம் இருந்தன. வார நடுவில் கனத்த பனி பெய்து, வெள்ளி இரவு தெற்கிலிருந்து சூடான காற்றும் தூறலும் வந்தது. உறைநிலை சிகரத்துக்கு மேலே போய்விட்டது. பனி இறுகவில்லை, ஊறியிருந்தது. ஹோல் இன் தி வாலில் கால் வைத்தால் முழங்கால் வரை போனது. கையில் எடுத்துப் பிழிந்தால் தண்ணீர் சொட்டியது. பைனாகுலரில் பார்த்தபோது கடைசிச் சரிவுக்கு மேலே கார்னிஸ் தடித்துத் தொங்கியது. அதன் பின்னால் விரிசல் போல மெல்லிய சாம்பல் கோடு ஒன்று. நான் பைனாகுலரை அண்ணனிடம் கொடுத்தேன். அவர் வெகுநேரம் பார்த்தார். "போகலாமா அண்ணே?" என்று கேட்டேன். "ரெட் டார்ன் வரைக்கும் போவோம். அங்கேயும் கரைக்கு இந்தப் பக்கமே உட்காருவோம்" என்றார்.

ஏரியின் கிழக்குக் கரையில், மலைமுகத்துக்கு நேர் எதிரே, தூரமாக ஒரு பாறையில் உட்கார்ந்து புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தோம். எதிர்க்கரையில், சரிவின் அடியில், உருண்டு வந்து நின்ற பனிக்கட்டிகள் சிதறிக் கிடந்தன. சில ஒரு மாட்டு வண்டி அளவு இருக்கும். புதிதாக உடைந்த இடம் இலேசான நீலமாகத் தெரிந்தது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே மேலே ஒரு சத்தம், தூரத்தில் யாரோ மூட்டையை இறக்கிப் போட்டது போல. விளிம்பிலிருந்து ஒரு துண்டு கழன்று, சரிவில் வெள்ளைப் புழுதி எழுப்பிக்கொண்டு வந்து, பாதி வழியிலேயே நின்றது. அண்ணன் ஃபிளாஸ்கைத் திறந்து எனக்கு டீ ஊற்றினார். குடித்துவிட்டு, ஓடை வழியாகவே கிளென்ரிடிங்குக்கு இறங்கினோம்.